நூற்றுக்குப் பதினெட்டு

நம் பங்குத் தரகு ஆபீஸுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

இப்படியெல்லாம் எழுதுவது ஓய்வு பெற்றவர்கள் வழக்கம். எனக்கு வயது முப்பத்திரண்டு. தலையில் ஒரு நரைகூட இல்லை. ஆனாலும் இந்த மாதக் கடைசியோடு கல்கத்தாவின் இந்தக் கிளைவ் தெருவை விட்டுப் போகிறேன், திரும்பி வரும் எண்ணம் இல்லை. ஆகையால் என்னையும் ஓய்வு பெற்றவனாகவே வைத்துக்கொள்ளுங்கள். பங்கை எப்படிப் பெயர் மாற்றுவது, எந்தத் தரகர் இன்று சொன்ன விலையை நாளைக்கு மறந்துபோவார் என்பதெல்லாம் கொஞ்ச நாளில் உங்களுக்கே வந்துவிடும். அதற்கு நான் வேண்டாம். நம்மிடம் வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற ஒரு கேள்வி உண்டு: "இந்தக் கம்பெனி என்ன கொடுக்குது?" அந்தக் கேள்வியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அப்பா ஆற்காட்டில் பாரவண்டி ஓட்டினார். ஏற்றிய மூட்டைகளைச் சுவரில் கரிக்கோடு போட்டு ஞாபகம் வைத்துக்கொள்வார். அதனாலோ என்னவோ, கணக்கு என்றால் எனக்கு ஒரு பக்தி. கணக்கு சரியாக இருந்துவிட்டால் மனிதர்களுக்கும் நல்லதே நடக்கும் என்று நம்பித்தான் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். பெஹாலாவிலிருந்து ஒரு பள்ளிக்கூட மாஸ்டர், வங்காளி, நம் ஆபீஸில் ஒரு சணல் ஆலைப் பங்கு வாங்கினார். ஆலை நூற்றுக்கு நாற்பது டிவிடெண்டு, அதாவது லாபப் பங்கு, அறிவித்திருந்தது. ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கிப் போனவர், நாற்பது ரூபாய்தான் கைக்கு வந்தது என்றதும் குடையை ஓங்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் வங்காளத்தில் கத்தியதைத் தமிழில் தருகிறேன்; மஷாய் என்றால் அவர்கள் பாஷையில் ஐயா.

"போட்டது ஐந்நூறு. நூற்றுக்கு நாற்பதுன்னா இருநூறு வரணும். மீதி நூற்றறுபதை எவன் தின்னான்?"

"யாரும் தின்னலை, மஷாய். பங்கோட முகவிலை, சீட்டிலே அச்சடிச்சிருக்கிற விலை, நூறு. அந்த நூறுக்குத்தான் நாற்பது. சந்தையிலே நீங்க கொடுத்தது ஐந்நூறு. உங்க பணத்துக்குன்னு பார்த்தா நூற்றுக்கு எட்டு."

"அப்படின்னா பத்திரிகையிலே நாற்பதுன்னு ஏன் போடறான்?"

"அது கம்பெனி போடறது, மஷாய்."

"எல்லாத் திருடனும் ஒரே தெருவிலே ஆபீஸ் வச்சிருக்கீங்க. போலீசுக்கு எவ்வளவு வசதி!"

கத்திவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார். நீங்களும் வாரத்துக்கு ஒருவரையாவது இப்படிப் பார்ப்பீர்கள். கம்பெனி தன் முகவிலைக்குச் சொல்கிற விகிதம் வேறு. நீங்கள் கொடுத்த விலைக்கு நூற்றுக்கு எவ்வளவு விழுகிறது என்பது வேறு. இரண்டாவதைத்தான் ஆபீஸில் ஈல்டு என்கிறார்கள். இதைப் புரியவைத்துவிட்டால் நம் கடமை முடிந்தது என்று நானும் நினைத்திருந்தேன். மாஸ்டர் செய்தது குழந்தைகள் செய்கிற தப்பு. கணக்குத் தெரிந்தவர்கள் செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது. இனி எழுதப்போவது அதைப் பற்றித்தான்.

பவானிபூரில் நம் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு நிதி வைத்திருந்தோம். ஆபீஸ் உத்தியோகத்தை நம்பி இவ்வளவு தூரம் வந்த இடத்தில் வீட்டு ஆண்பிள்ளை போய்விட்டால், பாஷை தெரியாத ஊரில் பெண்சாதி பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்று மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டி வந்தோம். ஊருக்குத் திரும்புகிற குடும்பத்துக்கு ரயில் செலவு. இங்கேயே இருந்து பிள்ளைகளைப் படிக்கவைக்க நினைக்கிற குடும்பத்துக்கு, மூத்த பிள்ளை பள்ளிப் படிப்பு முடிக்கும் வரை மாதம் பன்னிரண்டு ரூபாய். நிதிக்கு ஒரே ஒரு விதிதான் கண்டிப்பு: முதல் தொகையில் கை வைக்கக் கூடாது, அதிலிருந்து விழுகிறதைத்தான் செலவு செய்யலாம். பணம் முழுக்க கவர்ன்மெண்டு பத்திரத்தில் இருந்தது.

ஜெர்மனியோடு நடந்த பெரிய சண்டை முடிகிற சமயத்தில் விஷக் காய்ச்சல் வந்தது. கிடர்பூரிலும் பவானிபூரிலும் நம்மவர்களில் எத்தனையோ பேர் போனார்கள். நிதியிலிருந்து மாதப் பணம் வாங்குகிற வீடுகள் இரண்டு மடங்காயின. பத்திரத்திலிருந்து விழுகிறதோ அதேதான். வீட்டுக்கு ஆறு ரூபாய்க்கு மேல் தேறவில்லை.

அப்படி வாங்குகிறவர்களில் ஒருவர் பொன்னம்மாள். கணவர் கிடர்பூர் துறைமுகத்தில் கப்பல் சரக்கை எண்ணி எழுதுகிற குமாஸ்தாவாக இருந்தவர். காய்ச்சல் கண்டு வாரம் முடிவதற்குள் போய்விட்டார். இரண்டு பெண்கள். மூத்தவள் ஞானம். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். வங்காளிப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்குக் கேட்க என்னிடம் வருவாள். தமிழைவிட வங்காளம்தான் அவளுக்குச் சரளம். மாணிக்கம் என்ற என்னை அந்த ஊர் வழக்கப்படி மாணிக்தா, அதாவது மாணிக் அண்ணா, என்றுதான் கூப்பிடுவாள். நான் மூன்று வரியில் போடுகிற கணக்கை ஒரே வரியில் போட்டுவிட்டு, "இப்படிப் போட்டா தப்பா, மாணிக்தா?" என்பாள். எங்கள் அப்பா வீட்டில் நான் எப்படியோ, அந்த வீட்டுப் பெண்களில் அவள் அப்படி. பள்ளிப் படிப்பு முடிக்க அவளுக்கு இன்னும் நாலைந்து வருஷம் இருந்தது. அதுவரை அந்தப் பன்னிரண்டு ரூபாய் வர வேண்டும்.

நிதிக்குப் பொருளாளர் வைத்தியநாதய்யர். சர்க்கார் கணக்கு ஆபீஸில் பெரிய உத்தியோகம். நிதி வேலையாகப் போகிற டிராமுக்குக்கூடத் தன் கைக்காசைக் கொடுக்கிற மனிதர். ஒரு நாள் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார்.

"மாணிக்கம், ஜரியா பக்கத்திலே ஒரு நிலக்கரிக் கம்பெனி. கணக்கை நானே போட்டுட்டேன். முகவிலையைப் பார்த்து ஏமாறலை. இன்னிக்குச் சந்தை விலைக்கே நூத்துக்குப் பதினெட்டு விழறது. மத்த கரிக் கம்பெனி எல்லாம் ஒன்பதுதான். சரியா இருக்கா பாரு."

பார்த்தேன். காலணாகூடப் பிசகவில்லை.

"கணக்கு சரிதான் சார். ஆனா மத்ததெல்லாம் ஒன்பது விழறப்போ இது மட்டும் ஏன் பதினெட்டு?"

"நன்னா லாபம் வரது, கொடுக்கறான்."

"அவ்வளவு நல்ல கம்பெனின்னா விலை ஏறியிருக்குமே சார். விலை ஏறினா நூற்றுக்கு விழறது தானா குறைஞ்சு ஒன்பதுக்கு வந்துடும். ஏறலை. ஏன்னா வாங்கறதுக்கு ஆள் இல்லை."

தம்பிகளே, இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். பதினெட்டு என்பது கம்பெனி கொடுக்கிற வாக்கு அல்ல. இந்த டிவிடெண்டு நிலைக்காது என்று சந்தை எவ்வளவு பயப்படுகிறது என்பதற்கு அது அடையாளம். சந்தையின் பயம் வீணாகவும் போகும், பலிக்கவும் செய்யும். எது என்று போய்ப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு அந்தச் சுரங்கம் தெரியும். முந்தின குளிர்காலத்தில் நம் முதலாளியோடு அங்கே போயிருந்தேன். கரியை வெட்டும்போது மேல் கூரை விழாமல் இருக்க அங்கங்கே கரியிலேயே தூண்களை விட்டுக்கொண்டு போவார்கள். வெட்டுவதற்கு வேறொன்றும் மிச்சமில்லை என்றானதும், கடைக்கோடியிலிருந்து அந்தத் தூண்களையே வெட்டி எடுத்துக்கொண்டு பின்வாங்குவார்கள். புதிதாகத் தோண்டுகிற செலவு இல்லாத கரி அது. அதனால் லாபம் கொட்டும். அங்கே தூண்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே தரை குழிந்து பனைமரங்கள் சாய்ந்து நின்றன. ஒரு குளத்தில் தண்ணீரே இல்லை. மானேஜர் பெருமையாகச் சொன்னார்:

"இவ்வளவு மலிவா நான் கரி எடுத்ததே இல்லை, பாபு!"

"தூண் தீர்ந்தப்புறம்?"

"அப்புறம் என்ன, பெட்டியைக் கட்டிக்கிட்டு வேற ஊர்!"

அவர் எதையும் மறைக்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது? சுரங்கம் என்றால் அப்படித்தான்.

பவானிபூர்க் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். "வரப்போறது முழுக்க வருமானம் இல்லை. பாதிக்கு மேல முதல். நம்ம முதலை நம்ம கையிலேயே கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிக் கொடுத்துட்டு, அதுக்கு டிவிடெண்டுன்னு பேர் வைக்கிறாங்க. முதலைத் தொடக் கூடாதுன்னு விதி வச்சிருக்கிற நாம, ஆறு மாசத்துக்கு ஒரு தரம் அதைத்தான் செலவு செய்யப் போறோம்" என்றேன்.

கப்பல் கம்பெனியில் வேலை பார்க்கும் நடேசன் எழுந்தார். "எல்லாம் சரி, தம்பி. அந்தச் சுரங்கம் எப்போ இடிஞ்சு விழும்?"

"தெரியாது."

"ஒரு வருஷமா? பத்து வருஷமா?"

"தெரியாதுங்க."

"தெரியாதுங்கறதைச் சொல்லவா இவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டே?"

கூட்டம் சிரித்தது. கதவோரம் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பொன்னம்மாள் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்திரங்களை விற்றுக் கரிப் பங்கு வாங்குவது என்று தீர்மானம் ஆயிற்று. நம் ஆபீஸ் மூலமாக வாங்கித்தர மாட்டேன் என்றேன். அடுத்த நாளே வேறொரு தரகர் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

முதல் டிவிடெண்டு ஒழுங்காக வந்தது. எல்லா வீட்டுக்கும் பன்னிரண்டு ரூபாய் போயிற்று. அன்றிலிருந்து நடேசன் எனக்குப் பெயரே மாற்றிவிட்டார். டிராமில் பார்த்தாலும் சந்தையில் பார்த்தாலும், "என்னப்பா தூணு, இன்னும் நிக்கிறியா?"

நான் அய்யரை விடவில்லை. வாராவாரம் வீட்டுக்குப் போனேன். ஒரு நாள் கேட்டேன்:

"உங்க ஆபீஸ்லே ஒரு நீராவிப் படகு வாங்கினா வருஷா வருஷம் தேய்மானம்னு ஒரு தொகை கழிக்கிறீங்களே, எதுக்கு சார்?"

"படகு ஒரு நாள் ஓட்டையாப் போயிடும். அன்னிக்கு வேற வாங்கணுமோல்லியோ?"

"சுரங்கத்துக்கு?"

அப்போதே அவருக்கு விளங்கிவிட்டது. அவருடைய பெருமை அதுதான்; சரி என்று பட்டால் தான் சொன்னதையே விட்டுக்கொடுப்பார். பங்கை விற்றுவிடுங்கள் என்று கேட்டேன். அதற்குக் கூட்டம் ஒப்பாது என்றார். கடைசியில் நடுவாக ஒன்று முடிவாயிற்று. வருகிற டிவிடெண்டில் பாதியைச் செலவு செய்யாமல் முதலாகவே கருதி, கவர்ன்மெண்டு பத்திரத்தில் போட்டு வைப்பது. அய்யர் சொன்னதால் கூட்டமும் தலையாட்டியது.

பன்னிரண்டு ரூபாய் மறுபடியும் ஆறு ரூபாயாயிற்று.

அந்த வாரமே பொன்னம்மாள் கிளைவ் தெருவுக்கு வந்து ஆபீஸ் மாடிப்படி அடியில் நின்றார். கூடவே ஞானம்.

"தம்பி, பேசிப் பேசி எங்க பணத்தைப் பாதியாக்கிட்டீங்களாமே."

"குறைக்கலைம்மா. எடுத்து வச்சிருக்கோம். பின்னால உங்களுக்கே பாதுகாப்பு."

"பின்னாலன்னா எப்போ?"

"சுரங்கம் தீர்ந்தப்புறம்."

"தீரலைன்னா?"

"தீரும்மா."

"சரிதான். அது தீரணும்னு நீங்க சாமியைக் கும்பிடணும். தீரக் கூடாதுன்னு நான் கும்பிடணும். சாமிக்கு நல்ல வேலைதான்."

என் சம்பளத்திலிருந்து மாதம் கொஞ்சம் தருகிறேன் என்றேன்.

"நீங்க குடுக்கறது தர்மம். நிதி குடுக்கறது எங்க வீட்டு ஆம்பள உசுரோட இருக்கும்போது மாசாமாசம் கட்டுன காசு. ரெண்டும் ஒண்ணாய்யா?" என்றார். "வீட்டு வாடகையே ஏழு ரூபா. அந்தக் கணக்கையும் யாராவது படிச்சவங்க போட்டுப் பார்த்திருக்கலாம்."

ஞானம் தாயின் முந்தானையைப் பிடித்து, "வாம்மா, போவோம்" என்று இழுத்தாள்.

பெஹாலாவில் ஓர் ஒற்றை அறைக்குக் குடி போனார்கள். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற தூரம் இல்லை. டிராமுக்குக் காசும் இல்லை. வருஷம் முடிவதற்குள் ஞானம் பள்ளியை விட்டாள். சணல் சாக்குக்கு வாய் தைக்கும் வேலை, உருப்படிக்கு இவ்வளவு என்று, வீட்டுக்கே வந்தது.

சுரங்கம் விழவில்லை. அந்த வருஷம் விழவில்லை. அடுத்த வருஷமும் விழவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை டிவிடெண்டு வந்துகொண்டே இருந்தது. ஒரு முறை கூடுதலாகவே வந்தது. ஒவ்வொரு முறையும் பாதி பத்திரத்துக்குப் போயிற்று. நடேசன்கூடக் கேலியை நிறுத்திவிட்டார். ஒரு நாள் மெதுவாக, "அந்தப் பொண்ணு படிச்சிருக்கலாம் மாணிக்கம்" என்று மட்டும் சொன்னார். தூணு என்று கூப்பிட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. அய்யரும் ஒரு முறை, "நாமதான் அவசரப்பட்டுட்டோமோ?" என்று கேட்டார்.

அந்த நாட்களில் எனக்கு நேர்ந்ததை உங்களிடம் மறைப்பதில் அர்த்தமில்லை. இந்தத் தொழிலில் உங்களுக்கும் நேரலாம். அந்தச் சுரங்கம் விழ வேண்டும் என்று நான் ஆசைப்படத் தொடங்கினேன். காலையில் பத்திரிகையைப் பிரிக்கும்போதே கண் அதைத்தான் தேடும். நான் சொன்னது பலிக்காத ஒவ்வொரு நாளும் ஒரு பெண்ணின் படிப்பை வீணாகப் பறித்துவிட்டேன் என்று ஆகிறதே. கீழே ஆட்கள் இறங்கி வேலை செய்கிறார்கள் என்பதுகூட என் நினைவில் இல்லை.

மூன்றாவது வருஷம் மழைக்காலத்தில், தூண் எடுத்த பக்கத்தில் மேல்தரை பிளந்து தண்ணீர் உள்ளே புகுந்தது. பம்பு போட்டு இறைத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். அன்று விடுமுறை, கீழே யாரும் இல்லை என்று சொன்னார்கள். நான் அதை நம்பிக்கொண்டேன். டிவிடெண்டு நின்றது. பங்கை என்ன விலைக்கும் கேட்க ஆள் இல்லை. நிதியில் மிஞ்சியது அந்த எடுத்து வைத்த பாதிகள்தான். எல்லாம் சேர்த்துப் பழைய முதலில் கால்வாசி இருக்கும்.

கூட்டம் கூடியது. எனக்கு மாலை போட்டார்கள். "இந்தப் பிள்ளை இல்லேன்னா இதுவும் மிஞ்சியிருக்காது" என்று அய்யர் எல்லார் முன்னாலும் சொன்னார். நடேசன்தான் முதலில் கை தட்டினார். நான் எழுந்து ஒன்று கேட்டேன். மூன்று வருஷமாகப் பிடித்து வைத்த ஆறு ரூபாய்களை அந்தந்த வீடுகளுக்கு இப்போது கொடுத்துவிடுவோம். ஞானத்துக்கு இன்னும் வயது போய்விடவில்லை, மறுபடி பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்றேன்.

அய்யருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அது முதல்னு சொன்னதே நீதானேப்பா. இப்போ நிதியிலே இருக்கறது அது ஒண்ணுதான். அதைக் கொடுத்துட்டா, நாளைக்கு இங்கே ஒருத்தர் போயிட்டா, அந்தக் குடும்பத்துக்கு மெட்ராஸ் போக டிக்கெட்டுக்குக்கூட வழியில்லை. நீயே சொல்லு, என்ன பண்ணலாம்?"

மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. இருக்கிற கால்வாசியில் விழுகிறதைக் கொண்டு வருஷத்துக்கு ஒரு குடும்பத்தை ரயிலேற்றலாம். அதற்கு மேல் ஒன்றும் முடியாது. மாதப் பணத்தை அடியோடு நிறுத்துவது, ரயில் செலவு மட்டும் கொடுப்பது என்று தீர்மானம் வந்தது. கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன். எனக்கு வேறு கணக்குத் தெரியவில்லை.

கதவோரத்தில் அன்று பொன்னம்மாள் இல்லை. பெஹாலாவிலிருந்து வந்து போகக் காசு வேண்டுமே. ஆறு ரூபாயும் இனி கிடையாது என்பதை யாராவது போய்ச் சொல்ல வேண்டும். நான் போகிறேன் என்றேன்.

மறுநாள் போனேன். அறை முழுக்கச் சாக்கு. சணல் தும்பு காற்றில் பறந்து மூச்சை அடைத்தது. பொன்னம்மாள் குழாயடிக்குப் போயிருந்தார். சின்னவள் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். ஞானம் சுவரில் சாய்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் கந்தைத் துணி சுற்றியிருந்தது. சாக்கு ஒன்றை மடித்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள். நான் வந்த காரியத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இருந்தேன். அவளே கேட்டாள், ஊசி நிற்கவில்லை.

"மாணிக்தா, அந்தக் கம்பெனி முழுகிப்போச்சாமே?"

"ஆமாம்மா."

"அப்போ நீங்க சொன்னதுதான் சரி."

"ஆமா."

"எடுத்து வச்சீங்களே, எங்க பாதி, அது பத்திரமா இருக்கா?"

"இருக்கு."

"யாருக்கு?"

கேலியாகக் கேட்கவில்லை. கோபமாகவும் கேட்கவில்லை. கணக்கில் ஒரு வரி விளங்காவிட்டால் முன்பெல்லாம் எப்படிக் கேட்பாளோ, அப்படித்தான் கேட்டாள். பதிலுக்காக என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அடுத்த சாக்கை எடுத்துக்கொண்டாள்.